ஒரு வருடம் பொறுக்கச் சொன்ன குரல்: அசையாத இடது குரல்நாணுடன் ஓர் ஆசிரியை

முதல் நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. அப்பியாசக் கொப்பித் தாள் ஒன்றில் எழுதிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். கரும்பலகையில் எழுதிப் பழகிய கைக்கே உரிய உருண்டை எழுத்து. மூன்றே வரி: "குரல் காத்தாப் போகுது. தண்ணி குடிச்சாப் புரைக்கேறுது. ஒரு வருசம் பொறுக்கச் சொன்னவை."

மூன்றாவது வரியின் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார். இந்த ஆய்வை நான் எழுதுவது அந்த இரண்டு கோட்டுக்காகத்தான்.

வந்த கதை

வயது 46. வெள்ளவத்தையில் வீடு. கொழும்புப் பாடசாலை ஒன்றில் தரம் 5 வகுப்பாசிரியை. புலமைப்பரிசில் வகுப்பு, 38 பிள்ளைகள். பல வருடங்களாகக் கழுத்தில் இருந்த கண்டக்கழலை பெருத்து மூச்சுக்குழாயை அழுத்தத் தொடங்கியதால் தைரொயிட் சுரப்பியை முழுதாக அகற்றியிருந்தார்கள். கழலையில் புற்றுநோய் இல்லை. சத்திரசிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்தபோதே குரல் இல்லை. தொண்டைக்குள் குழாய் விட்டதால் வந்த அடைப்பு, இறங்கிவிடும் என்றார்கள். இறங்கவில்லை. மூன்றாம் வாரம் மூக்கு வழியாகக் கமெரா விட்டுப் பார்த்ததில் இடது குரல்நாண் அசையாமல் நிற்பது தெரிந்தது. என்னிடம் வந்தது ஏழாவது வாரம். நான் பேச்சுச் சிகிச்சையாளர். கொழும்பில் தமிழிலேயே சிகிச்சை தரக்கூடியவர்கள் மிகக் குறைவு என்பதால் யாரோ சொல்லி என்னைத் தேடி வந்திருந்தார்.

(ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். எழுத அவர் சம்மதித்தார்; எழுதியதை வாசித்தும் பார்த்தார்.)

ஒரு வருடம் பொறுங்கள் என்றது பிழையான ஆலோசனை அல்ல. குரல்நாணை அசைக்கும் நரம்பு, மூளையிலிருந்து இறங்கும் பத்தாவது நரம்பின் கிளை. அது நேரே குரல்வளைக்குப் போவதில்லை. இடப்பக்கத்துக் கிளை நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து எழும் பெருநாடியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் கழுத்துக்கு ஏறி, தைரொயிட்டின் முதுகோடு ஒட்டிப் போய்க் குரல்வளைக்குள் நுழைகிறது. வலப்பக்கத்துக் கிளை தோள்பட்டை மட்டத்திலேயே திரும்பிவிடும். வழி நீளம் என்பதால் இடது நரம்புக்கு ஆபத்தும் கூட. தைரொயிட் சத்திரசிகிச்சையில் நரம்பு அறுபட வேண்டும் என்றில்லை. இழுபட்டாலும் சூடு பட்டாலும் செயலிழக்கும். அப்படி நொந்த நரம்பு பெரும்பாலும் சில மாதங்களில் தானாக மீளும். நரம்பிழை வளருவது ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான். ஆகவே நரம்புக்குக் காலம் கொடுக்கத்தான் வேண்டும்.

நரம்புக்குக் கொடுக்கும் காலத்தை நோயாளியிடமிருந்து பறிக்கத் தேவையில்லை. அந்த ஏழு வாரத்தில் அவர் இழந்தவற்றைக் கேட்டுக் குறித்தேன். தொலைபேசியில் மற்றப் பக்கத்தவர்கள் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிவிட்டுக் கட் பண்ணிவிடுகிறார்கள். 155 பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லச் சத்தம் வராமல் இரண்டு தரிப்புத் தள்ளி இறங்கி நடந்திருக்கிறார். வீட்டில் 78 வயதுத் தாய்க்குக் காது மந்தம். மகளின் காற்றுக் குரல் அவருக்கு எட்டவேயில்லை. "அம்மா நான் கோவத்தில கதைக்கேல்லை எண்டு நினைக்கிறா, மிஸ்," என்று காதருகே குனிந்து சொன்னார். இதைச் சொல்லி முடிக்க மூன்று தரம் மூச்செடுத்தார்.

கமெராவில் கண்டது

மூக்கு, தொண்டை வைத்திய நிபுணருடன் சேர்ந்து மீண்டும் ஸ்கோப் பார்த்தோம். இடது குரல்நாண் நடுக்கோட்டிலிருந்து விலகி, வில் போல வளைந்து, அசைவில்லாமல் கிடந்தது. வலது நாண் நன்றாக வேலை செய்தது. ஆனால் எட்டிப்போய்த் தொட இடதில் ஆளில்லை. நடுவே இடைவெளி, அதன் வழியே காற்று ஒழுகுகிறது. அந்த இடைவெளியை மூடுவதற்காகப் பொய்க் குரல்நாண்கள் என்று சொல்லும் மேல் மடிப்புகள் இறுகி நெருங்கிக்கொண்டிருந்தன. அவருடைய கழுத்து வலிக்கும் களைப்புக்கும் காரணம் அந்த இறுக்கம்தான்.

ஒரே மூச்சில் "ஆ" சொல்லச் சொன்னேன். 4 செக்கன். வளர்ந்த பெண் ஒருவர் சாதாரணமாக 15 செக்கனுக்கு மேல் பிடிப்பார். 10க்குக் கீழே போனால் நாண்கள் சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம். குரலால் வாழ்க்கையில் வந்த இடைஞ்சலை அளக்கும் 30 கேள்விகளைத் தமிழில் விளக்கிக் கேட்டேன். 120க்கு 84.

குரலைப் பற்றிய அளவுமுறைகள் பல ஆங்கில ஒலிகளை வைத்துக் கட்டப்பட்டவை. "ஸ்" ஒலியையும் அதற்கு இணையான அதிர்வுள்ள ஒலியையும் எவ்வளவு நேரம் பிடிக்கிறார் என்று ஒப்பிடும் சோதனை ஒன்று உண்டு. அந்த அதிர்வொலி தமிழில் இல்லை. அதைச் சொல்ல வைக்கப் பாடுபட்டால் நாம் அளப்பது குரலை அல்ல, புது ஒலி ஒன்றைச் சொல்லப் படும் சிரமத்தை. நான் அந்தச் சோதனையை விட்டுவிட்டேன்.

ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முன் குரல்நாணைப் பார்த்ததற்கான குறிப்பு எதுவும் அவருடைய கோவையில் இல்லை. பெரிய கழலை சில வேளை சத்திரசிகிச்சைக்கு முன்பே நரம்பை நெருக்கியிருக்கலாம். முன்கூட்டிப் பார்த்திருந்தால், எதை எதிர்பார்க்கலாம் என்பதைக் கூடுதல் தெளிவோடு சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை அது. கழுத்தில் கத்தி வைப்பதற்கு முன் கமெரா வைக்கும்படி கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.

இவருக்குக் காரணம் தெளிவாக இருந்ததால் வேறு தேடல் தேவைப்படவில்லை. சத்திரசிகிச்சை எதுவும் இல்லாமல் நாண் அசையாமல் போனால் கதை வேறு. மண்டையோட்டின் அடியிலிருந்து நெஞ்சு வரை, நரம்பு போகும் வழி முழுவதையும் சீ.ரி. ஸ்கானில் பார்க்க வேண்டும். நுரையீரல் கட்டி, உணவுக்குழாய்க் கட்டி, பெருநாடி வீக்கம் எல்லாம் முதன்முதலில் கம்மிய குரலாக வெளிவருவதுண்டு. வாதக் காய்ச்சலில் வால்வு பழுதாகி இதயத்தின் இடது மேலறை பெருத்தாலும் இடது நரம்பு நெருக்குப்படும். ஒஸ்ரியா நாட்டு வைத்தியர் ஓட்னர் 1897இல் விவரித்த நிலை அது. நம்மவர்கள் கொத்தமல்லி அவித்துக் குடித்தும் அதிமதுரம் சப்பியும் மாதக்கணக்கைப் போக்கிவிட்டு வருவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. மூன்று நான்கு வாரத்தில் தெளியாத குரலைக் கட்டாயம் கமெராவில் பார்க்க வேண்டும்.

முதல் வேலை: தேநீர்

குரலுக்கு முன் விழுங்குதலைக் கவனித்தோம். மூடாத குரல்நாண் மூச்சுக்குழாயின் கதவையும் திறந்தே வைக்கிறது. தண்ணீர், வெறும் தேநீர் போன்ற நீராகாரம்தான் வேகமாக ஓடிப்போய்ப் புரையேறும். சோறும் கறியும் அந்தளவு தொல்லை தராது. சிறு மிடறாகக் குடிக்கவும், விழுங்கும்போது நாடியைத் தாழ்த்தி முகத்தை இடப்பக்கம், அதாவது பழுதான பக்கம் திருப்பவும் பழக்கினேன். அந்தப் பக்கத்து வழி ஒடுங்க, நல்ல பக்கத்தால் தண்ணீர் இறங்கும். இரண்டு கிழமையில் பயமில்லாமல் தேநீர் குடித்தார்.

குரல் பயிற்சி அசையாத நாணை அசைக்காது. இதை முதல் நாளே சொல்லிவிட்டேன். பொய் நம்பிக்கையில் தொடங்கிய பயிற்சி இரண்டாம் மாதத்தில் நின்றுவிடும். பயிற்சி செய்வது வேறு: மேல் மடிப்புகளின் இறுக்கத்தைத் தளர்த்தும், மூச்சைச் சிக்கனமாகச் செலவழிக்கப் பழக்கும், இருக்கிற அதிர்வை முகத்துக்குக் கொண்டுவரும். சுவரைத் தள்ளிக்கொண்டு சத்தம் எழுப்பும் பழைய முறையை நான் கொடுப்பதில்லை. அதில் எழும் சத்தம் பெரும்பாலும் பொய் நாண்களின் நெரிப்புத்தான். ஒரு போத்தலில் பாதி தண்ணீர் விட்டு, ஸ்ட்ரோ ஒன்றின் நுனியை அதில் அமிழ்த்தி, "ஊ" என்று குமிழி விடச் சொன்னேன். "சின்னனில பப்பாசிக் குழலில ஊதின மாதிரி," என்று சிரித்தார். சரியான ஒப்பீடு அது. குழாய்க்குள் திரும்பி வரும் காற்றழுத்தம் நாண்களை மென்மையாகத் தாங்குகிறது.

தமிழ்ச் சொற்களிலேயே ஏற்ற இறக்கம் தெரிந்தது. ம, ந என்று தொடங்கும் சொற்கள் அவருக்கு எளிதாக வந்தன: மாமா, நாங்கள், முன்னுக்கு. மூக்கொலி தொடங்கும்போதே அதிர்வு வந்துவிடுகிறது. அ, ஆ, இ என்று உயிரில் தொடங்கும் சொற்களுக்கு நாண்கள் சட்டென்று சந்திக்க வேண்டும்; அவருக்கு அந்த முதல் எழுத்து காற்றாகவே போனது. இதைச் சொன்னதும் அவருக்கு வகுப்பு இடாப்பு நினைவுக்கு வந்தது. அவருடைய இடாப்பு அகர வரிசையில் இருப்பது. முதல் பத்துப் பெயரும் உயிரெழுத்து. "விடியக் காலமை முதல் வேலையே ஏலாத வேலையாப் போச்சு," என்றார்.

ஊசி வேண்டாம் என்ற உறவினர்

பத்தாவது வாரம் நிபுணர் தற்காலிக ஊசியைப் பற்றிக் கதைத்தார். அசையாத நாணுக்குள் ஒரு கூழ்மத்தைச் செலுத்தி அதைப் பருக்க வைத்து நடுவுக்குக் கொண்டுவருவது. நல்ல நாண் வந்து தொட ஒரு சுவர் கிடைக்கும். ஆசிரியை சம்மதிக்கத் தயாராக இருந்தார். அன்றிரவே கனடாவிலிருந்து உறவினர் ஒருவர் தொலைபேசியில் எடுத்து, குரல்நாணில் ஊசி போட்டால் கட்டி வரும், கடைசியில் குரலே போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்.

அந்தப் பயத்துக்கு அடிப்படை உண்டு. 1911இல் ஜேர்மன் வைத்தியர் புரூனிங்ஸ் பரபின் மெழுகை ஊசியாக ஏற்றினார். மெழுகு இடம் மாறிச் சிக்கல் தந்தது. 1960களில் டெஃப்லோன் பசை வந்தது. உடனே நல்ல குரல் கிடைத்ததால் பல வருடம் உலகெங்கும் அதைத்தான் ஏற்றினார்கள். ஆனால் உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு, வருடங்கள் கழித்துச் சுற்றிலும் கடினமான திசுக்கட்டிகளை உண்டாக்கியது. அகற்றுவதும் கடினம். அந்தக் கதைதான் வாய்வழியாக அரை நூற்றாண்டு தாண்டி வெள்ளவத்தைக்கு வந்திருக்கிறது.

இப்போது ஏற்றுவது வேறு. எங்கள் நோயாளிக்குத் தெரிந்தெடுத்தது ஹைலூரோனிக் அமிலக் கூழ்மம். நம் உடலில் இயல்பாகவே உள்ள பொருளின் வகை. சில மாதங்களில் கரைந்துவிடும். அது கரைவதே இந்த நேரத்தில் அதன் நன்மை: நரம்பு மீண்டால் குறுக்கே எதுவும் நிற்காது. செலுலோசு சார்ந்த கூழ்மம் இரண்டு மூன்று மாதம் நிற்கும். கல்சியம் சேர்ந்த ஹைட்ரொக்சிஅபடைற்று ஒரு வருடமும் அதற்கு மேலும் நிற்கும், ஆகவே நரம்பு திரும்புமா என்று தெரியாத காலத்தில் அதை ஏற்றுவதில்லை. வயிற்றுக் கொழுப்பையே எடுத்து ஏற்றுவதும் உண்டு. எவ்வளவு கரையும் எவ்வளவு நிலைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "கரைஞ்சு போற சாமானுக்கு ஏன் காசும் நோவும்?" நியாயமான கேள்வி. மூன்று மாதம் வகுப்பெடுக்கலாம், தண்ணீர் புரையேறாது, கழுத்து நெரிப்புப் பழகிப்போகாது என்றேன். இன்னொன்றும் உண்டு. காலத்தோடு தற்காலிக ஊசி போட்டவர்களில் பின்னாளில் நிரந்தரச் சத்திரசிகிச்சை தேவைப்படுவோர் குறைவு என்று பழைய கோவைகளை ஆராய்ந்த சில ஆய்வுகள் சொல்கின்றன. நாண் நடுவுக்கு வந்த நிலையிலேயே ஓரளவு நரம்பூட்டம் திரும்பி அங்கேயே தங்கிவிடுவது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். உறுதியான சான்று என்று நான் அதை அவரிடம் விற்கவில்லை.

முழு மயக்கம் தேவைப்படவில்லை. கதிரையில் இருத்தி, தொண்டையை விறைக்கச் செய்து, மூக்கு வழியாகக் கமெராவில் பார்த்துக்கொண்டே கழுத்துத் தோலினூடாக ஊசியை விட்டார்கள். ஏற்றியது ஒரு மில்லிலீற்றருக்கும் குறைவு. கொஞ்சம் கூடுதலாகவே ஏற்றுவார்கள், ஆகவே முதல் சில நாள் குரல் நெரிந்து கரகரத்தது. ஐந்தாம் நாள் தெளிந்தது. "ஆ" 11 செக்கன். அடுத்த தவணைக்குப் பாடசாலை போனார், கழுத்தில் மாட்டும் சிறிய மைக்கோடு. மைக் வேண்டாம் என்று அடம்பிடித்தவரை நான்தான் விடவில்லை.

நிரந்தரம் என்றால் எது

ஐந்தாம் மாதம் கூழ்மம் கரையத் தொடங்கியது. குரல் மீண்டும் மெலிந்தது. இரண்டாம் முறை அதே ஊசி. பன்னிரண்டாம் மாதம் கமெராவில் பார்த்தபோது இடது நாண் முன்னிலும் சற்றுத் திடமாக இருந்தது. அசைவு இல்லை. நரம்பிழைகள் வளர்ந்தாலும் பல வேளை தவறான தசைக்குப் போய்ச் சேரும். மூடும் தசையும் திறக்கும் தசையும் ஒரே நேரத்தில் இழுக்க, நாண் நடுநிலையில் நின்றுவிடும். காத்திருந்த காலம் அங்கே முடிந்தது.

இரண்டு வழிகளைத்தான் தீவிரமாகக் கதைத்தோம்.

ஒன்று நரம்பை இணைப்பது. கழுத்தின் முன் தசைகளுக்குப் போகும் நரம்பு ஒன்றை வெட்டி, செயலிழந்த குரல்வளை நரம்போடு தைப்பது. நாண் அசையத் தொடங்காது; ஆனால் தசைக்கு உயிரூட்டம் கிடைத்துப் பருமனும் இறுக்கமும் வரும், தசை தேயாது. குரல் வர நான்கு முதல் ஒன்பது மாதம் வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2011இல் வெளியான, பல நிலையங்கள் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்றில் 52 வயதுக்குக் கீழானவர்களுக்கு நரம்பிணைப்பும், அதற்கு மேலானவர்களுக்கு நாணை உள்ளே தள்ளும் முறையும் கூடுதல் பலன் தந்தன. பங்குபற்றியோர் தொகை சிறியது. வயதை மட்டும் பார்த்தால் எங்கள் ஆசிரியைக்கு முதல் வழிதான் பொருந்தும்.

மற்றது அந்த உள்ளே தள்ளும் முறை, தைரோபிளாஸ்ரி. ஜப்பானிய வைத்தியர் இஷிக்கி 1974இல் ஒழுங்குபடுத்தி விவரித்தது. குரல்வளையின் கேடயம் போன்ற குருத்தெலும்பில், நாண் இருக்கும் மட்டத்தில், சிறு சன்னல் வெட்டி, அதனூடாகச் சிலிக்கோன் ஆப்பு ஒன்றை வைத்து நாணை நடுவுக்குத் தள்ளுவது. பெயர் மயக்கம் தரும். தைரொயிட் சுரப்பிக்கும் இதற்கும் தொடர்பில்லை. நாண்களின் பின்பக்க இடைவெளி பெரிதாக இருந்தாலோ இரண்டும் வெவ்வேறு உயரத்தில் இருந்தாலோ நாணின் பின்முனைக் குருத்தெலும்பையும் தையல் போட்டுத் திருப்ப வேண்டும். இவருக்கு உயரம் ஏறத்தாழ ஒன்றாக இருந்ததால் அது தேவைப்படவில்லை.

இரண்டாவதையே தெரிவு செய்தோம், காரணங்களைச் சொல்கிறேன். தைரொயிட் முழுதாக எடுத்த கழுத்தில் தழும்புத் திசு நிறைய. இணைக்க வேண்டிய நரம்பு முழுதாகக் கிடைக்கும் என்று உறுதியில்லை. ஒரு வருடம் காத்திருந்தவரிடம் இன்னும் அரை வருடம் காற்றுக் குரலோடு இருக்கச் சொல்ல வேண்டும். அத்தோடு எங்கள் நிபுணரின் கை பழகியது தைரோபிளாஸ்ரியில். இந்தக் கடைசிக் காரணத்தைச் சொல்லச் சிலர் தயங்குவார்கள். எனக்கு அது மிக முக்கியமான காரணம். 25 வயதுப் பாடகி ஒருவர் வந்திருந்தால் நான் வேறு விதமாக வாதாடியிருப்பேன்.

இரண்டு நாண்களும் அசையாமல் போனவர்களுக்கு இவை எதுவும் பொருந்தாது. அவர்களுக்குக் குரல் ஓரளவு இருக்கும், மூச்சுத்தான் அடைக்கும். சிகிச்சை நாண்களை விலக்குவது.

தியேட்டரில் இடாப்பு

தைரோபிளாஸ்ரியில் நோயாளி விழித்திருந்து கதைக்க வேண்டும். விறைப்பு ஊசியும் இலேசான தூக்க மருந்தும்தான். ஆப்பை எவ்வளவு தள்ளுவது என்பதைக் காதுதான் தீர்மானிக்கிறது. நிபுணர் சிங்களவர். தமிழ் விளங்கும், ஆனால் தமிழ்க் குரலின் தெளிவை நான் கேட்டுச் சொல்ல வேண்டும் என்று என்னையும் உள்ளே கூப்பிட்டார். வழமையாக எண்ணச் சொல்வார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நாங்கள் வேறு ஏற்பாடு செய்திருந்தோம்.

"ரீச்சர், இடாப்புக் கூப்பிடுங்கோ."

பச்சைத் துணிக்குக் கீழே படுத்தபடி அவர் தன் வகுப்பைக் கூப்பிடத் தொடங்கினார். முதல் பெயர் அ. காற்று. நிபுணர் ஆப்பைக் கொஞ்சம் முன்னே தள்ளினார். ஆ. பாதி காற்று, பாதி குரல். இன்னும் கொஞ்சம். அடுத்த பெயர் நெரிந்து வந்தது, கூடிவிட்டது என்று கை காட்டினேன். ஆப்பை வெளியே எடுத்துச் செதுக்கி மீண்டும் வைத்தார். இ. பெயரின் முதல் எழுத்து சுத்தமாக விழுந்தது. மயக்கமருந்து வைத்தியர் நிமிர்ந்து பார்த்தார். நிறுத்தச் சொல்லும்வரை ஆசிரியை நிறுத்தவில்லை. பதினான்கு பிள்ளைகளைக் கூப்பிட்டுவிட்டார்.

வீக்கத்தாலும் இரத்தக் கசிவாலும் மூச்சுக்குழாய் ஒடுங்கும் அபாயம் இருப்பதால் அன்றிரவு வாட்டில் வைத்துக் கவனித்தார்கள். சிக்கல் எதுவும் வரவில்லை. மறுநாள் குரல் மீண்டும் கம்மியிருந்தது, அழுதார். வீக்கம் வற்றும்வரை அப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தேன். தியேட்டரில் தன் குரலைக் கேட்டுவிட்டவருக்கு அது போதவில்லை.

இப்போது

சத்திரசிகிச்சைக்கு ஆறு மாதம் கழித்து "ஆ" 14 செக்கன். அந்த 30 கேள்விகளுக்கு 120க்கு 22. தண்ணீர் புரையேறுவதில்லை. தாய்க்குச் சத்தம் கேட்கிறது, காதருகே போக வேண்டியதில்லை. இடது நாண் இன்றும் அசையவில்லை, இனி அசையாது. உரத்துக் கூப்பிட முடியாது. வெள்ளிக்கிழமைகளில் கோவிலில் தேவாரம் பாடும்போது மேலே ஏறும் இடங்களில் குரல் உடைகிறது. அந்த அடிகளை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு மெல்லக் கையால் தாளம் போடுகிறார். பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு களைப்பு வரும். வருடங்கள் போகத் தசை மெலிந்தால் ஆப்பை மாற்றவோ மேலதிகமாக ஊசி போடவோ நேரலாம் என்பதும் அவருக்குத் தெரியும்.

போன மாதம் வந்தபோது மைக்கை மேசையில் வைத்து, இனி இது தேவையா என்று கேட்டார். தேவை, 38 பிள்ளைகளின் வகுப்புக்குக் கட்டாயம் தேவை என்றேன். எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த கமெராப் பரிசோதனை ஆறு மாதத்தில்.